முன் சீட்டுத் தீர்த்தம்

“அந்த மூடியில கை வைக்காதீங்க.”

பின்னாலிருந்து வந்த குரலில் ஜெயப்பிரியாவின் கை அந்தரத்திலேயே நின்றுவிட்டது. திறந்திருந்த பானட்டுக்குள்ளிருந்து புஸ்ஸென்று வெள்ளை ஆவி. சாலையின் இரண்டு பக்கமும் கடல். தலைக்கு மேலே, இப்பவா அப்பவா என்று காத்திருக்கும் மார்கழி மேகம்...

பைக்கை அப்படியே சாய்த்து நிறுத்திவிட்டு ஓடிவந்தான் அவன். சாம்பல் நிற ஒர்க்‌ஷாப் சட்டை. சட்டைப்பையின் மேல் பெயர் தைத்திருந்தது, பாண்டித்துரை என்று.

“கொதிக்கிற கூலன்ட் டப்பா அது. தொறந்தீங்கன்னா மூஞ்சியிலதான் பீச்சும்.”

“நான் தொறக்கலண்ணே... தொட்டுத்தான் பாத்தேன்.”

“தொட்டுப் பாத்தவங்க அடுத்து தொறந்துதான மேடம் பாப்பாங்க?”

அவளுக்குச் சுருக்கென்றது. எதையும் இரண்டு முறை பார்த்துச் செய்கிறவள் அவள். காலையில் ராமநாதபுரத்தில் கிளம்பும்போது டயரில் காற்றுப் பார்த்தாள், பெட்ரோல் பார்த்தாள், மூன்று கண்ணாடிகளையும் திருப்பித் திருப்பிச் சரிபார்த்தாள். லைசென்ஸ் கைப்பையில் இருக்கிறதா என்று பார்த்தாள். பார்த்தோமா என்று சந்தேகம் வந்து மறுபடியும் பார்த்தாள். இந்த டப்பா ஒன்றைத்தான் பார்க்கவில்லை. இப்படி ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது.

அதுவும் இன்றைக்கா இப்படி ஆக வேண்டும்?

அவளுடைய அய்யா பூமிநாதனுக்கு அபிராமத்துப் பக்கம் வயல். ராமநாதபுரத்தில் புது வீடு கட்டி, தை பிறந்ததும் பால் காய்ச்ச நாள் குறித்திருந்தார். வீடு முடிவதற்குள் கார் வந்துவிட்டது. சின்ன இன்ஜின்தான், ஆனால் டர்போ வைத்தது. ஜெயப்பிரியாவுக்கு மண்டபத்தில் ஒரு கடல்பாசி ஆய்வுக்கூடத்தில் வேலை. தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய் வருகிறாள். காரை நானே ஓட்டிட்டுப் போறேன்யா என்று அவள் கேட்டபோது அவர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னார். தனியாக ராமேஸ்வரம் போக வேண்டும். புது வீட்டில் தெளிக்கக் கோயிலிலிருந்து கோடி தீர்த்தம் கொண்டுவர வேண்டும். வண்டியும் தீர்த்தமும் பத்திரமாக வந்து சேர்ந்தால் சாவி அவள் கையில். இல்லையென்றால் டிரைவர் வைத்துவிடுவார்.

போனது நல்லபடியாகத்தான் நடந்தது. தீர்த்தத்தைத் தரையில் வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்ததால், கேனை முன் சீட்டில் உட்கார வைத்தாள். கனம் பட்டதும் பெல்ட் போடச் சொல்லி வண்டி கிணிங் கிணிங் என்று கத்தியது. சரியென்று கேனுக்கும் பெல்ட் போட்டுவிட்டாள். பாம்பன் பாலத்தைத் தாண்டி மண்டபம் பக்கம் இறங்கிய கொஞ்ச தூரத்தில்தான் சிவப்பு விளக்கு எரிந்தது.

“இனிப்பா ஒரு வாசன வருதா?” என்றான் பாண்டித்துரை, குனிந்து மோந்தபடி. “கூலன்ட் ஒழுகியிருக்கு. டர்போவுக்குப் போற ஓஸ் குழாயில கிளாம்ப் லூசு. முறுக்கிடலாம். ஆனா மொதல்ல ஆறணும்.”

“எவ்வளவு நேரம்ணே ஆகும்?”

“நம்ம அவசரம் அதுக்குத் தெரியுமா?”

அவன் சொல்லி வாய் மூடவில்லை, மழை இறங்கிவிட்டது. ஓடிப்போய் டிக்கிக் கதவைத் தூக்கிவிட்டான். அது கூரை மாதிரி நின்றது. அதன் கீழே அவள் ஒரு ஓரம், அவன் ஒரு ஓரம். நடுவில் தாராளமாக இன்னொரு ஆள் நிற்கலாம். கடற்காற்று மட்டும் வந்து நின்றது.

அவன் ராமநாதபுரத்தில் ஒரு கார் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்ப்பதாகச் சொன்னான். சொந்த ஊர் உப்பூர். பாம்பனில் நின்றுபோன ஒரு வண்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியாம். அவளும் தன் ஊர், பேர், கடல்பாசி எல்லாம் சொன்னாள். பாசிக்கெல்லாமா ஆய்வுக்கூடம் என்று அவன் கேட்க, உங்க ஐஸ்கிரீம்லகூட அதான் இருக்கு என்று அவள் சொல்ல, அவன் முகம் போன போக்கைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சாவியைப் பற்றிய கவலை கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது.

“டர்போன்னா என்னதான் அது?” என்று கேட்டாள்.

“சின்ன இன்ஜினுக்குக் காத்து ஊதிவிடுற ஒரு காத்தாடி. பொகை போற வேகத்துல சுத்துறது. அதனால பயங்கரச் சூடு. அதக் குளுப்பாட்டத்தான் கூலன்ட் ஓடுது. தூரத்துல இருந்து ஓடிவந்த ஒடனே சாவியத் திருகி அணைச்சிட்டீங்கன்னா உள்ள இருக்கிற சூடு எங்க போகும்? கொஞ்ச நேரம் சும்மா ஓடவிடணும். ஆறவிட்டு அணைக்கணும்.”

“மனுசங்க மாதிரி.”

“மனுசங்க ஆற நாளாகும் மேடம். டர்போ எவ்வளவோ தேவல.”

சொல்லிவிட்டு அவன் திரும்பினான். அவளும் அதே நேரம் திரும்பினாள். இமையில் ஒரு மழைத்துளி நிற்க, சின்னப் பிள்ளை மாதிரி விழித்துக்கொண்டிருந்த அந்தக் கண்களை அவள் பார்த்தது ஒரு கணம்தான்... உடனே கடலைப் பார்த்துக்கொண்டாள். கடலில் அப்போது பார்க்க ஒன்றுமே இல்லை. ‘அண்ணே’ என்ற சொல் எங்கே நழுவி விழுந்தது என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

போன் அடித்தது. அய்யா. மழை தூறலாகி, வண்டியும் ஆறியிருந்தது; அவன் கிளாம்பை முறுக்கி முடித்திருந்தான். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, காற்றுக்கு முதுகு காட்டியபடி கொஞ்ச தூரம் நடந்தாள். பின்னாலேயே அவன் கேட்டது காதில் விழுந்தது. “மேடம், நல்ல தண்ணி இருக்கா? இங்கன போர்த் தண்ணி பூராம் உப்பு. அத ஊத்தக் கூடாது.”

போனைக் காதிலிருந்து எடுக்காமல் முன் கதவைக் கையால் காட்டினாள். கதவின் உள்பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அதைத்தான் காட்டினாள்.

எல்லாம் நல்லாயிருக்குய்யா, வந்துக்கிட்டே இருக்கேன் என்று அய்யாவிடம் ஒரு பொய்யைச் சொல்லி முடித்துவிட்டுத் திரும்பியபோது இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. சிவப்பு விளக்கு இல்லை. முகமெல்லாம் சிரிப்பாகக் கை துடைத்துக்கொண்டு நின்றான் பாண்டித்துரை.

“அருமையான தண்ணி மேடம். நாக்குல வச்சுப் பாத்தேன், துளி உப்பு இல்ல. ஒரு கேனையும் அப்படியே குடிச்சிருச்சு.”

அவன் கையில் காலிக் கேன்.

அவள் கேனுக்குள் எட்டிப் பார்த்தாள்; ஒரு சொட்டு இல்லை. “அது... கோடி தீர்த்தம்.”

“எது?”

“எங்க வீட்டுக்குத் தெளிக்கக் கொண்டு போறது.”

அவன் கேனைப் பார்த்தான். இன்ஜினைப் பார்த்தான். பிறகு, யாரோ சொன்னது போல, காலிலிருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டான். சாலையோரச் சேற்றில் வெறுங்காலுடன், காருக்கு முன்னால்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அழுகைதான் முந்திக்கொண்டது.

“பெல்ட் போட்டு வச்சிருந்தேன்ல? ஒரு வார்த்த கேக்க வேணாமா?”

“நீங்க ரொம்ப ஒழுங்கான ஆளு, தண்ணிக் கேனுக்கும் பெல்ட் போடுவீங்கன்னு நெனச்சேன் மேடம்...”

திரும்பிப் போய் மறுபடி எடுத்து வந்துவிடுவதாக அவள் சொன்னாள். அவன் கூடாதென்றான். வெறும் தண்ணீரோடு ரொம்ப தூரம் ஓட்டக் கூடாது. மெதுவாக வீடு போய்ச் சேரத்தான் தாங்கும். தீர்த்தத்தை அவனே போய் எடுத்து வந்து தருவான். ஆனால் காரை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவர வேண்டும். உள்ளே இருப்பதை வடித்துவிட்டுப் புதுக் கூலன்ட் ஊற்ற வேண்டும்.

“ஒங்க ஒதவி போதும்,” என்றாள் அவள். காலிக் கேனை முன் சீட்டில் வைத்து, ஏனென்று தெரியாமல் அதற்கு மறுபடியும் பெல்ட் போட்டாள். ராமநாதபுரம் வரைக்கும் கண்ணாடியில் அவன் பைக் விளக்கு பின்னாலேயே வந்தது. அதை அவள் பார்க்கவே இல்லை. அதாவது, பார்க்காத மாதிரி பல தடவை பார்த்தாள்.

வீட்டில் நடந்ததுதான் அவள் எதிர்பாராதது. நடந்ததை அவள் சொல்லச் சொல்ல, பூமிநாதனின் முகம் மலர்ந்துகொண்டே போனது. ஒரு ஆள் கிணறு கிணறாக நின்று குளித்தால் கிடைக்கும் புண்ணியம், தன் கார் நின்ற இடத்திலேயே கிடைத்துவிட்டதாம். கார் நெற்றியில் சந்தனம் வைத்தார். குங்குமம் வைத்தார். இனிமேல் இந்த வண்டிக்கு ஒன்றும் ஆகாது என்று சாவியை மகள் கையில் கொடுத்தே விட்டார். வீட்டுக்கு வேண்டிய தீர்த்தத்தை நல்ல நாள் பார்த்து வேறு எடுத்துக்கொள்ளலாம்.

சாவி கையில் குளிர்ந்தது. ஆனால் உள்ளே ஏதோ உறுத்தியது. முன் கதவைக் காட்டியது தான்தான் என்பதை மட்டும் அவள் சொல்லாமல் விட்டிருந்தாள்.

அந்த வாரமே பாண்டித்துரை வீடு தேடி வந்தான். சேறு கழுவின செருப்பு, இஸ்திரி போட்ட சட்டை. வண்டியை எடுத்துப் போய் உள்ளே இருப்பதை வடிக்க வேண்டும் என்று அவன் சொன்னதுதான் தாமதம், பூமிநாதன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“தீர்த்தத்த வண்டியில ஊத்துனது தெரியாமச் செஞ்சது தம்பி. அத நான் மன்னிச்சிட்டேன். ஊத்துனத எடுத்துக் கீழ கொட்டுவேங்கறீங்களே... அது திமிரு.”

அவன் பொறுமையாகத்தான் சொன்னான். கூலன்ட் என்பது வெறும் தண்ணீர் இல்லை, சீக்கிரம் கொதிக்க விடாததும் துருப் பிடிக்க விடாததும் அதுதான், தண்ணீர் எவ்வளவு புனிதமானாலும் இரும்புக்கு அது தண்ணீர்தான் என்றான். கடைசியாகச் சொன்னதை அவன் சொல்லியிருக்க வேண்டாம். பூமிநாதன் வாசலைக் காட்டிவிட்டார். ஒரு வாய் டீகூடக் கொடுக்காமல்.

கேட் வரை ஜெயப்பிரியா பின்னால் போனாள். கையைக் காட்டியது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவன் பைக்கில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

“ஒங்க வண்டி, ஒங்க இஷ்டம் மேடம். இனிமே நான் வரல. நாலு பேர் முன்னாடி திமிருன்னு சொல்லிக் கேக்க எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு.” பைக்கை உதைத்தான். உதைத்தவன் கிளம்பவில்லை. “ஓடுற வரைக்கும் நல்லாத்தான் ஓடும். அந்த மண்டபம் ரோட்டுல நீங்க மறுபடி தனியா நிக்கிறத நெனச்சாத்தான்...”

முடிக்காமலே போய்விட்டான்.

அதன் பிறகு தினமும் காரில்தான் போனாள். எத்தனை ஆசைப்பட்டது அது... ஆனால் கண் சாலையில் பாதி, சூட்டைக் காட்டும் முள்ளில் பாதி. ஆய்வுக்கூட வாசலில் நிறுத்தியதும் உடனே அணைக்க மாட்டாள். ஓடவிட்டபடி உட்கார்ந்திருப்பாள். டர்போ ஆறும். அவளுக்குத்தான் ஆறாது. இமையில் நின்ற அந்த மழைத்துளி, வெறுங்காலோடு நின்ற அந்த நிற்பு... ஒர்க்‌ஷாப்புக்கு இரண்டு முறை போன் செய்தாள். வேலையில் இருக்கிறார் என்றார்கள். திருப்பி அழைக்கவில்லை. நாம் செய்தது தப்போ? போன் செய்ததே தப்போ? எதைச் செய்தாலும் இரண்டு முறை பார்க்கிற நான், கை நீட்டும்போது மட்டும் ஏன் பார்க்காமல் நீட்டினேன்?

ஒருநாள் காலையில், இன்ஜின் சில்லென்றிருக்கும்போது, அந்த டப்பாவின் மூடியை மெதுவாகத் திறந்து பார்த்தாள். தெளிந்த தீர்த்தம் உள்ளே செம்மண் குழம்பாக நின்றது. அன்றைக்கு வேலைக்குப் பஸ்ஸில் போனாள்.

சாயங்காலம் புது வீட்டில் பெயின்ட் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார் பூமிநாதன். சாவியை அவர் முன்னால் நீட்டினாள்.

“இந்தாங்கய்யா. டிரைவர் வச்சுக்கோங்க.”

அவருக்குப் புரியவில்லை. அவள் நடந்ததை முழுக்கச் சொன்னாள். முன் கதவைக் காட்டியது தான்தான் என்றாள், அன்றைக்கு உங்களிடம் போனில் சொன்னது பொய் என்றாள். டப்பாவுக்குள் இப்போது இருக்கும் நிறத்தையும் சொன்னாள். நடுவில் நிறுத்திவிடலாமா என்று தோன்றியது. நிறுத்தவில்லை.

“கோயில்ல நம்ம தலையில ஊத்துற தீர்த்தம் எங்கய்யா போகுது? தல வழியா எறங்கி, கால் வழியாத் தரையில ஓடி, வெளியதான போகுது? அத யாரும் பிடிச்சு ஒடம்புலயே வச்சுக்கிறதில்லையே. அழுக்க எடுத்துக்கிட்டுப் போறதுதான அதோட வேல? வண்டிக்கும் தீர்த்தமாடியாச்சு. வந்த வேல முடிஞ்சுச்சு... போகவிடுங்கய்யா.”

பெயின்ட் அடிப்பவர்கூடத் தூரிகையை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தார்.

“இத ஒனக்கு யாரு சொல்லிக் குடுத்தா?” என்றார் பூமிநாதன். “அந்தப் பயலா?”

“இல்லய்யா. நானாத்தான்.”

அவர் மகளை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் மீசைக்கடியில் ஒரு சிரிப்பு நெளிந்தது. சாவியை அவள் கையிலேயே வைத்து விரல்களை மடக்கிவிட்டார்.

“நாளைக்கு வண்டிய ஒர்க்‌ஷாப்புக்கு விடு. நானும் வாரேன். அந்தத் தம்பிக்கு ஒரு டீ பாக்கி இருக்கு.”

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் காரைத் தூக்கி நிறுத்தி அடியில் பெரிய தட்டு வைத்தான் பாண்டித்துரை. அவளை அவன் பார்க்கவில்லை. பூமிநாதனிடம் மட்டும் சுருக்கமாகப் பேசினான். பழுப்புத் தண்ணீர் இறங்கத் தொடங்கியதும் அவர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கையைக் கூப்பி நின்றார். கடைசிச் சொட்டு விழும் வரை நின்றார். அதைப் பார்த்து பாண்டித்துரையும் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றான்.

உள்ளே கழுவி, புதுக் கூலன்ட் ஊற்றினார்கள். “என்னலே இது, ரோஸ்மில்க் கலருல?” என்றார் பூமிநாதன். பாண்டித்துரைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது. உரிமையோடு வந்த அந்த ‘லே’ அவனை எங்கேயோ தொட்டுவிட்டது என்பது ஜெயப்பிரியாவுக்குத் தெரிந்தது. டீ வந்தது. வாங்கிக் குடித்தான்.

கூலன்ட் குழாய்க்குள்ளே காற்று அடைத்து நிற்கிறதா என்று பார்க்க ஒரு நீண்ட ஓட்டம் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். எவ்வளவு தூரம் என்று அய்யா கேட்டார். ராமேஸ்வரம் போய் வரலாம் என்று பாண்டித்துரை தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். வீட்டுக்கு ஒரு கேன் கடன்பட்டிருக்கிறேன் என்றான்.

போனார்கள். கோயிலில் பூமிநாதன் ஒவ்வொரு கிணறாகத் தலையைக் கொடுத்துவிட்டு, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டே, வேட்டி மாற்றிப் பின் சீட்டில் ஏறினார். ஏறிய வேகத்தில் தூங்கிவிட்டார். முன் சீட்டில் பாண்டித்துரை. தீர்த்தக் கேனைத் தரையில் வைக்கக் கூடாதே... மடியில் வைத்துக்கொண்டான். வண்டி கிணிங் கிணிங் என்றது.

“பெல்ட்,” என்றாள் அவள்.

கேனையும் தன்னையும் சேர்த்து இழுத்துப் போட்டுக்கொண்டான்.

பாம்பன் பாலத்தின் மேல் ஏறும்போது மழையும் வெயிலும் ஒன்றாக விழுந்தன. கீழே பச்சைக் கடல் நெடுக வெள்ளிக் காசாகச் சிதறியது. முள் அசையவே இல்லை. அவன் முள்ளைப் பார்த்தான். அவள் அவன் முள்ளைப் பார்ப்பதைப் பார்த்தாள். பின்னாலிருந்து அய்யாவின் குறட்டை ஏறி இறங்கியது. அன்றைக்கு நின்றுபோன இடம் வந்தது, போனது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பிவிட்டு, ஒரே நேரத்தில் நேராகப் பார்த்துக்கொண்டார்கள்.

புது வீட்டு வாசலில் வண்டி நின்றது. பூமிநாதன் விழித்து இறங்கி, பெல்ட்டுக்கடியிலிருந்து கேனைப் பயபக்தியோடு உருவி வாங்கிக்கொண்டார். “எறங்கலையா?” என்றார்.

“ஆறணும்யா வண்டி. ஓடி வந்த ஒடனே அணைக்கக் கூடாதாம்.”

“அப்பச் சரி. ஆறட்டும், ஆறட்டும்,” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

இன்ஜின் மெல்ல முனகியது. வைப்பர் ஒருமுறை போய் வந்தது. அவள்தான் தொடங்கினாள்.

“அன்னைக்குக் கதவக் காட்டுனது நான்தான். பாட்டிலக் காட்டுனேன். பழி பூராம் ஒங்க மேல விழுந்துச்சு.”

“அய்யா காலையில சொன்னாரு.”

“அப்பறம் ஏன் போன எடுக்கல?”

“எடுத்தா என்ன பேசுறது மேடம்? வண்டியப் பத்தி எவ்வளவுதான் பேச முடியும்...”

“மேடம்னு சொல்லாதீங்க.”

அவன் மடியைப் பார்த்தான். கேன் இருந்த இடத்தில் சட்டை ஈரமாக ஒட்டியிருந்தது. “ஜெயப்பிரியா,” என்று சொல்லிப் பார்த்தான், ஏதோ சூடான மூடியைத் தொடுகிறவன் மாதிரி. “அன்னைக்குத் தண்ணி எடுக்கக் கதவத் தொறந்தேன்ல... இந்த சீட்டுல ஒரு கேனு. அதுக்குப் பெல்ட்டு. நான் ஒரு நிமிசம் அப்படியே நின்னுட்டேன். ஒரு கேனு தண்ணிய இவ்வளவு பத்திரமாக் கூட்டிக்கிட்டுப் போற பொண்ணு, ஒரு மனுசன எவ்வளவு பத்திரமா வச்சுக்கும்னு தோணுச்சு. இந்த எடத்துல நான் ஒக்காரணும்னு தோணுச்சு. அந்த நெனப்புலதான் என்ன தண்ணின்னு கேக்காம ஊத்திட்டேன்.”

அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. எந்த முள்ளும் அதைக் காட்டவில்லை. சொல்ல வேண்டியதை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சரியாக இருக்கிறதா என்று இரண்டாவது முறை பார்க்கப் போனவள்... வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

“அதான் ஒக்காந்தாச்சுல்ல,” என்றாள், ஸ்டீயரிங்கைப் பார்த்தபடி. “பெல்ட்ட மட்டும் கழட்டாதீங்க.”

பெல்ட்டுப் பக்கம் போயிருந்த அவன் கை அங்கேயே நின்றது. மெதுவாகத் திரும்பி வந்து, கியர் மேல் இருந்த அவள் கைக்குப் பக்கத்தில், தொட்டும் தொடாமல் அமர்ந்தது.

உள்ளேயிருந்து அய்யாவின் குரல் கேட்டது. “ஏ ஜெயா... இன்னுமா வண்டி ஆறல?”

வண்டி எப்போதோ ஆறியிருந்தது. அவள் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பதில் சொன்னாள்.

“இன்னும் கொஞ்சம் இருக்குய்யா.”